இருவத்திநாலு மணி நேரக் கேன்

ரூபன், வயசு இருவத்தாறு, நிக்கிறது சேலம் அஸ்தம்பட்டியில ஒரு லேப் கவுண்டர் முன்னாடி. கையில அஞ்சு லிட்டர் கேன். மேல ஒட்டியிருக்கற பேரு அவன் மொதலாளி தீர்த்தகிரியோடது. உள்ள இருக்கறது ஒரு நாள் மூத்திரம்.

"எதும் விட்டுப் போகலையே?" லேப் பொண்ணு கேட்டுச்சு.

"ஒரு சொட்டுகூட விடலீங்க."

சொல்லும்போதே நெஞ்சு திடுதிடுன்னு அடிச்சுது. சட்டை தொப்பலா நனஞ்சுது, மண்டை தெறிச்சுது. அம்மா போனதுலேர்ந்து அடிக்கடி இப்படித்தான். எல்லாம் உள்ளுக்குள்ள கெடக்கற கோவம்.

போன வருசம் ராய்ப்பூர் பக்கம் தீர்த்தகிரியோட போர்வெல் வண்டியில வேலையா இருந்தப்ப, அம்மா இன்னாசிமேரி எறந்துட்டாங்கன்னு போன் வந்துச்சு. லீவு கேட்டான். தீர்த்தகிரி போன்லயே சிரிச்சான். "நீ போனா எந்திரிச்சு உக்காந்துக்குவாளாடா? போர முடிச்சிட்டுப் போ."

நாலாம் நாளு வந்து சேந்தப்ப கல்லறைத் தோட்டத்துல ஈர மண்ணுதான் இருந்துச்சு. அதுமேல கைய வெச்சு ஒரு சத்தியம் பண்ணான். வேலைய விடல. அந்தாளு காருக்கே டிரைவராப் போயிக் காத்துக் கெடந்தான்.

போன வாரம் நேரம் வாச்சுது. தீர்த்தகிரிக்குக் கல்லடைப்புன்னு எடுத்த ஸ்கேன்ல, கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பியில ஒரு கட்டி தெரிஞ்சுது.

"சில கட்டி சும்மா கெடக்கும், சிலது ஹார்மோனக் கொட்டி ஆளையே சாச்சுடும்," டாக்டர் ஜெயப்பிரியா சொன்னாங்க. "ஒரு நாள் மூத்திரத்துல தெரிஞ்சுடும். நார்மல்னா இப்போதைக்கு விட்டுடலாம். அதிகம்னா ஆபரேசன் பண்ணிக் கட்டிய பயாப்சிக்கு அனுப்பணும்."

கேனத் தொடறதே தீர்த்தகிரிக்குக் கவுரவக் கொறச்சல். மக்குல புடிச்சு கதவுக்கு வெளிய நீட்டுவான். "இந்தாடா, ஊத்து. இதுக்குத்தான ஒனக்குச் சம்பளம்?"

"சரிங்க மொதலாளி."

ஊத்தினான், சாக்கடையில. கேன நெரப்புனது தன்னோடத வெச்சு. கல்லு மாதிரி இருக்கற எளவட்டத்தோடது, நார்மல்னுதான் வரும். மொதலாளி சந்தோசமா ஊட்டுக்குப் போவான். மிச்சத்தக் கட்டி பாத்துக்கும்.

ரிப்போர்ட் வந்த அன்னிக்கு அவனும் டாக்டர் ரூமுக்குள்ள போயி நின்னான். உள்ள போறப்பவே தீர்த்தகிரி தோள்ல தட்டினான். "இது இரும்பு ஒடம்புடா. உங்கம்மா மாதிரி பொசுக்குனு போறதுக்கா?"

ரூபன் சிரிச்சான். கொஞ்ச நாளுதான்.

டாக்டர் பேப்பர ரெண்டு தரம் படிச்சாங்க. "பத்து மடங்கு இருக்கு சார். அடிக்கடி மண்டையிடி வருதா? காரணமில்லாம வேர்த்துக் கொட்டுதா? நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"எனக்கா? ஒரு நாளும் இல்லீங்களே."

"பிரஷர்கூட சரியாத்தான் இருக்கு..." டாக்டர் புருவத்தச் சுருக்குனாங்க. "ஆனா இந்த அளவுக்கு ஏறியிருந்தா, கவனிக்காம விட்டா எந்த நிமிசமும் உசுரு போயிரும்."

ரூபன் செவுத்தப் புடிச்சுக்கிட்டான். வேர்வை கண்ணுல எறங்குச்சு.

"டாக்டர்... அந்தக் கேன்ல இருந்தது என்னுதுங்க, என்னைய ஸ்கேன் பண்ணிப் பாருங்க."