கல்மழையின் முறை

கலிலேய மலையூர் ஒன்றில், யூதர்களின் ஜெப ஆலயத்தில் காலைத் துதி நடக்கிறது. சூரியன், நிலா, நெருப்பு, கடல் என்று படைப்பையெல்லாம் பெயர் சொல்லி, கடவுளைப் புகழக் கூப்பிடும் பாட்டு. முன்னால் நின்று பாடுகிறவன் அம்ராம். போன வசந்தத்தில் பாழாய்ப்போன கல்மழை அவன் ஆப்பிள் தோப்பின் பூக்களையெல்லாம் அடித்துக் கொட்டியது. அன்றிலிருந்து ‘கல்மழை’ என்ற சொல் வரும் இடத்தில் அதைச் சொல்லாமல் அவன் இருமிவிடுவான். “இன்னைக்கும் இருமப்போறியாடா?” என்று பக்கத்தில் நிற்கும் சஸோன் கிசுகிசுக்கிறான். அப்போது தகரக் கூரையில் ஒரு கல் விழுந்து உருள்கிறது. அடுத்த மூச்சுக்குள் கூரை முழுக்கப் படபடக்கிறது. ஜன்னலுக்கு அப்பால், தோப்பின் வெள்ளைப் பூக்கள் கிளையோடு முறிந்து பறக்கின்றன. பாட்டு அந்தச் சொல்லுக்கு வந்து நிற்கிறது. யாரும் அம்ராமின் முகத்தைப் பார்க்கவில்லை. துதிக்கு நடுவில் உரக்கப் பேசக் கூடாது என்பதையும் மறந்து, “விட்டுடு, நான் சொல்லிக்கிறேன்” என்கிறான் சஸோன். குரலில் இப்போது கேலி இல்லை. “வாசல்ல வந்து நிக்குது. கூப்பிடாம விட்டா நல்லாவா இருக்கும்?” என்கிறான் அம்ராம். ஜெபச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, இரைச்சலுக்கும் மேலே ஏறும் குரலில் ‘கல்மழையே’ என்று கூப்பிடுகிறான். கூரை முழுவதும் அவனோடு சேர்ந்து பாடுகிறது.