சாம்பல் நிறப் பெயர்

ஜெர்மனியின் பிரேமன் நகரத் துறைமுகக் கிடங்குகளுக்கு எங்கள் குடும்பம் மென்பொருள் செய்து விற்கிறது. திரையின் மேல்விளிம்பில் மெனு வரிசை எப்போதும் தெரியும். அதில் கடைசியாக இருப்பது என் மனைவி வால்புர்காவின் பெயர். அதை அழுத்தினால் அவளே போனில் அழைத்து உதவுவாள். அவள் இறந்தபின், அழுத்த முடியாதபடி அந்தப் பெயரைச் சாம்பல் நிறமாக்கினோம்.

"மாமா, இப்பல்லாம் யாரும் மெனுவை வெளிய காட்டுறதில்ல. மூணு கோடு போட்டு உள்ள ஒளிச்சுடலாம்," என்றாள் மருமகள் ஸ்வாண்ட்யே.

"ஒளிக்கிறதுக்கு நாம என்ன திருட்டுச் சரக்கா விக்கிறோம்?"

"அப்ப நம்ம கம்பெனியை மியூசியத்துல வையுங்க," என்று சிரித்தவள், புதிய பதிப்பில் ஒளித்தே விட்டாள்.

மறுநாள் ஒரு கிடங்குக்காரர் கூப்பிட்டார். "மெனுவைக் காணாம முழிச்சேன். நல்லவேளை, உங்க வீட்டம்மா போன் பண்ணி வழி சொன்னாங்க. உங்க மேல செம கோவம் போல."

ஸ்வாண்ட்யே சிரிக்கவில்லை. அன்றே மெனுவை வெளியே கொண்டுவர வைத்தேன். கடைசிப் பெயர் கறுப்பாக இருந்தது. நாங்கள் யாரும் மாற்றவில்லை. ஸ்வாண்ட்யே அதை மறுபடி சாம்பல் நிறமாக்கப் போனாள்.

"தொடாத. யாரு சிரிச்சாலும் அது அப்படியே இருக்கும்," என்றேன்.

வால்புர்காவின் மேசைத் தொலைபேசியில், யாரோ பேசிக்கொண்டிருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.