பச்சைச் சதுரம்

மல்லாவியில் கலியாணப் படம் எடுக்கும் சஜீவன் யாரோ பாவித்த பழைய லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தான். அதைக் கொண்டு முதலில் படமெடுக்கப் போனது கண்டாவளைக்கு, விமலேஸ்வரியின் வீட்டுக்கு. மகள் சுதாஜினி கனடாவுக்குப் போகுமுன் தாயும் மகளும் முற்றத்தில் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்றார்கள்.

ஓட்டோ ஃபோகஸ் சரியாக வேலை செய்யவில்லை. லென்ஸைக் கழற்றி, துணியால் துடைத்து மாட்டினான். வேப்பமரம் தெளிவாக விழுந்தது. கிணற்றுக்கட்டும் தெளிவாக விழுந்தது. இவர்கள் பக்கம் திருப்பினால் மட்டும், கமராவின் திரையில் முகத்தைத் தேடும் பச்சைச் சதுரம் தாய்க்குப் பக்கத்தில் வெறும் இடத்தில் போய் நின்றது.

“லென்ஸ் பழசம்மா. ஆளில்லாத இடத்தில முகத்தைப் பிடிக்குது.”

“எந்தப் பக்கம், தம்பி?”

“உங்கட இடப்பக்கம்.”

“என்ன உயரத்தில?”

அவன் தன் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினான்.

சுதாஜினி தாயைப் பார்த்தாள். யுத்தம் முடிந்தபோது காணாமல்போன அண்ணன் நல்ல உயரம். அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, அவன் படத்துக்கு மாலை போட விமலேஸ்வரி எவரையும் விட்டதில்லை. அழுதால் அவன் செத்ததாகிவிடும் என்று அழுததுமில்லை.

“வந்திட்டான்,” என்றாள் விமலேஸ்வரி. பிறகு நிலத்தில் உட்கார்ந்து, தலையிலடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

சஜீவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையிலிருந்த கமராவின் திரையில் சதுரம் மெல்லக் கீழே இறங்கி, அவள் முகத்துக்கு அருகில் நின்றது.