புளியமரத்தடி மணி

மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உலோகத்தை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும் பெருச்சாளி ஒன்று இருந்தது. நாலு பேர் படுத்து எழுந்த இடமாகப் பார்த்துத்தான் அது போகும். அங்கேதானே எதுவும் தவறி விழும்? ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் ஒரு பிடி மண்ணைத் தொடாது.

அன்று அதன் மூக்கு காளையின் புளியமரத்தடியில் போய் நின்றது.

"அண்ணே, இங்க தோண்டிப் பார்க்கட்டுமா? கிடைக்கிறதை உங்ககிட்டக் காட்டிடுவேன். குழியையும் மூடிடுவேன்."

"தாராளமாத் தோண்டு," என்றது காளை. "இங்க என்ன இருக்கப் போகுது? இருந்த ஒரே வெண்கல மணியையும் பக்கத்துல மேய்ஞ்ச அந்த வெள்ளாடு தூக்கிட்டுப் போயிருச்சு. அதனாலதான் இந்த வேலியே போட்டேன்."

காளை தினமும் படுக்கும் இடத்திலேயே, ஒரு முழ ஆழத்தில், மணி கிடைத்தது. அதைக் கோத்திருந்த கயிறு இற்றுப்போய் அறுந்திருந்தது.

காளை வெகுநேரம் மணியையே பார்த்தது. பிறகு வேலியைப் பார்த்தது.

"குழியை மூடிடுறேன்னு சொன்னல்ல?"

"ஆமாண்ணே."

"இதையும் உள்ள போட்டு மூடு."

அவர் நிலம், அவர் மணி. பெருச்சாளி மறுபேச்சில்லாமல் மூடியது. நகத்து மண்ணைக்கூட உதறாமல், வேலிக்கு அடியில் நுழைந்து வெள்ளாட்டிடம் போனது.

"அக்கா, உங்க இடத்துல தோண்டிப் பார்க்கட்டுமா?"

வெள்ளாடு மேய்வதை நிறுத்தியது.

"தோண்டுப்பா. அவரோட மணி எங்கயாவது கிடக்குதான்னும் பாரு. நான் எடுக்கலன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."