ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே அந்த முதியோர் இல்லத்து நர்ஸுக்கு எரிச்சல் வந்துவிடும். அன்றைக்குத்தான் அந்த ஆள் வருவார்.

மற்றவர்களைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார்கள். இந்த ஆள் வெறுங்கையோடு வந்து வம்பு வளர்ப்பார். ரிட்டயரான பஸ் டிரைவர். வாசல்கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

வம்பு யாரோடு? சொந்த அண்ணனோடு. வாரம் முழுக்க ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருக்கிற மனிதர். ஒரு காலத்தில் தையல்காரர். ஞாபகமெல்லாம் ஒவ்வொன்றாக நழுவிப் போய்விட்டது, விரல் மட்டும் இன்னும் தொழிலை விடவில்லை. தானுண்டு, தன் போர்வையுண்டு என்று இருப்பார்.

அவர் வாயைத்தான் தம்பி வந்து பிடுங்குவார்.

"என்ன இருந்தாலும் குத்துச்சண்டைன்னா டைசன்தான். அவன் காலத்துல முகமது அலி இருந்திருந்தா, ரெண்டே ரவுண்டுல படுத்திருப்பான்."

போர்வையை நீவுகிற விரல் நின்றுவிடும்.

"எவன்டா சொன்னான்?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு என்னடா தெரியும்? ஃபோர்மன் யாரு, பூச்சியா? மலை மாதிரி நின்னவனையே எட்டாவது ரவுண்டுல சாய்ச்சவன்டா அலி. கயித்துல சாஞ்சு நின்னு, அடிடா அடிடான்னு அவனை அடிக்க விட்டு, ஓய வெச்சு, அப்புறம் சாய்ச்சான். உன் டைசனுக்கு அந்தப் பொறுமை ஏது? போடா சுண்டெலி."

அதற்குள் பெரியவர் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருக்கும். தம்பியோ சிரித்துக்கொண்டிருப்பார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரிப்பு. அதைப் பார்த்தால்தான் நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு இந்தச் சண்டையில் பால் டம்ளர் கவிழ்ந்து படுக்கையே நனைந்துவிட்டது. பி.பி.யும் ஏறியிருந்தது. நர்ஸ் தம்பியை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"உங்களுக்கு வேற பேச்சே கிடைக்கலையா சார்? உடம்பு முடியாதவரை இப்படிக் கிளப்பி விடறீங்களே, அதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

அவர் சட்டையில் தெறித்திருந்த பாலைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே இப்படிச் சண்டை இழுத்தீங்கன்னா உள்ளயே விட மாட்டேன். அமைதியா பார்த்துட்டுப் போறதுன்னா வாங்க."

"சரிம்மா."

அவ்வளவு பெரிய உடம்பு வாத்தியாரிடம் திட்டு வாங்கின பிள்ளை மாதிரி படியிறங்கிப் போயிற்று. நன்றாகக் கேட்டோம் என்று நர்ஸுக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் மாத்திரை கொடுத்தபடியே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

பெரியவர் தலையாட்டினார்.

"வெளியில நல்ல வெயில்."

"அப்படியா."

தம்பி நர்ஸை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யோசிச்சுப் பார்த்தா, அலியை அடிச்சுக்க ஆளே இல்லேண்ணே" என்றார்.

"ரொம்பச் சரி" என்றார் பெரியவர் மரியாதையாக. விரல் போர்வையை நீவிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தையே பார்த்தார். "சார் யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்."

ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டுத் தம்பி எழுந்துவிட்டார். நர்ஸ் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

"அவருக்கு உங்களை அடையாளம் தெரியலையா? போன வாரம்கூட என்னமோ சொல்லித் திட்டினாரே?"

"அது திட்டு இல்லம்மா, என் பேரு. சின்ன வயசுல நான் அவ்வளவு ஒல்லி. கையில துண்டைச் சுத்திக்கிட்டு ரெண்டு பேரும் குத்துச்சண்டை போடுவோம். அப்ப அண்ணன் வெச்ச பேரு. அப்புறம் வீடு முழுக்க அதான். என் வீட்டுக்காரிகூட அப்படித்தான் கூப்பிடுவா, போன வருஷம் போய்ச் சேர்ற வரைக்கும்."

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இப்ப அந்தப் பேர் சொல்ல அவர் ஒருத்தர்தான் பாக்கி. அதுவும் கோபம் வந்தாத்தான் அவருக்கு ஞாபகம் வருது. சாதாரணமா பேசினா நான் யாரோ எவரோ. பரவாயில்லம்மா, நீங்க சொன்னது நியாயம்தான். அவர் உடம்புதான் முக்கியம்."

நர்ஸுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் அவள் சிஸ்டர். தங்கியிருக்கிற விடுதியில் அவளுக்கு ரூம் நம்பர்தான் பேர். வீட்டில் அவளைக் கூப்பிட்ட செல்லப் பேரை அவள் காதால் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

"கொஞ்சம் இங்கேயே நில்லுங்க சார்."

உள்ளே போனாள். முதல் காரியமாகப் பால் டம்ளரை எடுத்துத் தூரமாக வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, டைசன் முன்னாடி முகமது அலி ஒண்ணுமே இல்லையாம். ரெண்டு ரவுண்டுகூடத் தாங்க மாட்டாராமே?"

விரல் நின்றது. அவள் கைக்குள் நாடி துடித்துக்கொண்டு எழுந்தது.

"எவன் சொன்னான்?"

நர்ஸ் வாசலைக் காட்டினாள். பெரியவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு, அந்தச் சுண்டெலியா? உள்ள வரச் சொல்லும்மா அவனை."