மணல் மூட்டை உட்கார்ந்த இடம்

“பின்னாடி ஏறுங்க மாமா,” என்றாள் மருமகள்.

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆலைக்குள் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். அவளே வைத்துக்கொண்ட சட்டம் அது. அதை அவளே மீறுகிறாள் என்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம்.

போய்த்தான் இருந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள்கள் சில வருடங்களாகவே சரியாக விற்கவில்லை. மாடி அறையில் பெரிய கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தோடு காத்திருந்தார்கள். ஆலையை வாங்குவார்கள், பெயரை வைத்துக்கொள்வார்கள், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கேன்டீன் வரைக்கும் செய்தி போய்விட்டது. காலையில் அவர் உள்ளே நுழைந்தபோது ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. அது அவரை ரொம்பவே சுட்டது.

எதிர்காலத் திட்டங்களைப் பார்ப்பது மருமகளின் வேலை. மண்டையைப் பிய்த்துக்கொண்டு வழி தேடியிருந்தாள். பேட்டரி வண்டி செய்யலாம், கடன் கழுத்தை நெரிக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அங்கே ஏற்கெனவே அடிதடி. விலையைக் குறைக்கலாம், பெரிய கம்பெனி அதைவிடக் குறைக்கும்.

கடைசியில் ஷோரூம்களில் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் பிடிபட்டது. தனியாக வந்தவர்கள் வண்டியைப் பதிவு செய்தார்கள். வீட்டாரோடு மறுபடி வந்தவர்கள், அவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்ததும், ரத்து செய்தார்கள்.

முதலாளி நம்பவில்லை. என் எஞ்சினில் ஒரு குறை சொல்லச் சொல் பார்ப்போம் என்று தினமும் ஒரே பாட்டு.

அவள் எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. நேராக ஆலைக்குப் பின்னால் இருக்கும் சோதனைப் பாதைக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பின் சீட்டில் அறுபது கிலோ மணல் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். இரண்டாவது ஆளுக்குப் பதில் அதுதான். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். மணல் மூட்டை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இன்றைக்கு மூட்டை தரையில் கிடந்தது.

முன் சீட்டில் சோதனை ஓட்டும் ஆள் தயாராக இருந்தார். கழுத்துவரை தோல் உடுப்பு, கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட். முதலாளி எப்போதும் வண்டியைத்தான் பார்ப்பார், ஓட்டுபவரைப் பார்த்துப் பழக்கமில்லை. முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

பிறந்ததிலிருந்து அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை.

வண்டி கிளம்பியதும் அது புரிந்துவிட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாத ஆளின் இடுப்பையா பிடிப்பது? சீட்டின் ஓரத்தை நகத்தால் பற்றிக்கொண்டார். முழங்கால் நெஞ்சுக்கு ஏறியது. சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டது. பள்ளம் வருவது முன்னால் இருப்பவருக்குத் தெரியும். அவருக்கு அது முதுகெலும்பில்தான் தெரிந்தது.

“மெதுவாப் போப்பா,” என்று கத்தினார்.

வண்டி அதே வேகத்தில் போனது. மறுபடியும் கத்தினார். ஹெல்மெட் அசையக்கூட இல்லை.

அப்போதுதான் மனைவி ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், பின்னால் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்பார். பிறகு முதுகுவலி என்று சொல்லி வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். அவரும் ஒரு காரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். இப்போதெல்லாம் அவளும் அவளுடைய காலை நடையும்தான். நடக்கப் போனவள் ஒருநாள் முழங்கையில் சிராய்ப்போடு திரும்பினாள். எப்படி என்று அவர் கேட்கக்கூட இல்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அறுபது கிலோ மூட்டையாகத்தான் அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

அடுத்த திருப்பத்தில், வலிக்கு நடுவே, கை தானாக அளவெடுக்கத் தொடங்கியது. சீட்டை நாலு விரல் நீட்டலாம். பக்கத்தில் ஒரு பிடி. கால்மிதியைக் கொஞ்சம் இறக்க வேண்டும், சைலன்சருக்கு ஒரு மறைப்பு. எஞ்சினைத் தொடவே வேண்டாம். இருக்கிற ஆட்கள் போதும், இருக்கிற இயந்திரங்கள் போதும். பல நாள் கழித்து அவருக்கு வேலை செய்ய ஆசையாக இருந்தது.

வண்டி நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மருமகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல இருக்கிறவங்களுக்குக் காபி குடுத்து அனுப்பிடும்மா. ஆலை விக்கிறதுக்கில்லை.”

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கியிருந்தது. அத்தனை கத்தியும் காதில் போட்டுக்கொள்ளாத அந்த ஆளை ஒரு பிடி பிடிக்கத் திரும்பினார்.

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“என்னங்க, ஏதாவது சொன்னீங்களா? காத்துல ஒண்ணும் கேக்கல,” என்றாள் அவர் மனைவி.

அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சிரித்துக்கொண்டே மறுபடி பின்னால் ஏறினார். இந்தத் தடவை எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.