இடது தோள்

அவளிடம் சுடிதாரின் கழுத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார் டாக்டர்.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, அவளோடு வந்த தயாளனை வெளியே இருக்கச் சொன்னாள். அவன் தயங்கினான். ஆம்பளைங்க நிற்கக் கூடாது என்று கறாராகச் சொன்ன பிறகுதான் போனான்.

விபத்துக்குப் பிறகு இந்த நாலு மாதத்தில் டாக்டர் முன்னால் அவள் புருஷன் இல்லாமல் உட்கார்வது இதுதான் முதல் முறை.

எந்த ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க விட்டார்கள்!

முதலில் சேர்த்த இடத்தில் தலைக்காயத்தை மட்டும் பார்த்து, கையைக் கழுத்தோடு தூளி கட்டி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் திருச்சியில் ஏறி இறங்காத எலும்பு ஆஸ்பத்திரி இல்லை. கார் விபத்து இன்சூரன்ஸ் என்று தயாளன் வாயைத் திறந்ததுமே கவுண்டரில் முகம் மாறிவிடும். எடுக்கிறதில்லைங்க. அவ்வளவுதான்.

ஒன்பது இடம்.

கைக்காசு போட்டு ஆபரேஷன் செய்ய வழியில்லை. இன்னும் தள்ளினால் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்றும் எக்ஸ்ரே எடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

பத்தாவதாக இந்தத் தோள்பட்டை டாக்டர். எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இறங்கிய கறுத்த தழும்பைப் பார்த்தார். சீட் பெல்ட் அழுத்தினதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இன்சூரன்ஸ் படிவத்தை எடுத்தார். வண்டியை யார் ஓட்டினது?

"நான்தான்."

சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. போலீஸிடம் சொன்னாள். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அக்கா மகள் ஹர்ஷிதா பின்சீட்டில் இருந்தாள். ஏழு வயது. பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தலையில் கட்டோடு போனாள். என் பிள்ளையைக் கொன்றவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தியது சாத்தியதுதான்.

இதில் கொடுமை, அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. விராலிமலையில் இறங்கி டீ குடித்தது வரைக்கும் இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவில் நடந்ததெல்லாம் தயாளன் சொன்னதுதான். டீ குடித்துவிட்டு நான் ஓட்டுகிறேன் என்று நீதானே சாவியை வாங்கினாய் என்றான்.

டாக்டரின் பேனா நின்றது.

மறுபடி தழும்பைப் பார்த்தார். தன் வலது தோளில் கையை வைத்து இடது இடுப்புக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"ஓட்டுறவங்களுக்கு பெல்ட் இப்படித்தாம்மா வரும். உங்களுக்கு இடது தோள்லேர்ந்து வருது. நீங்க ஓட்டலை. பக்கத்து சீட்ல இருந்திருக்கீங்க."

அவள் குனிந்து பார்த்தாள்.

கை தன்னால் தழும்புக்குப் போனது. தினமும் குளிக்கும்போது சோப்புப் போடுகிற இடம்.

பக்கத்து சீட்.

காரில் பெரியவர்கள் இரண்டே பேர்.

தயாளனின் லைசென்ஸ் முடிந்து அப்போதே எட்டு மாதம். புதுப்பிக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவன் ஓட்டினான் என்றால் இன்சூரன்ஸ் கிடையாது. கேஸும் அவன் தலையில்.

அடப்பாவி.

அவள் அழுதபோதெல்லாம் தலையைத் தடவிக் கொடுத்தானே. விடு, நீ வேண்டுமென்றா செய்தாய் என்றானே.

நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். பொய்யை எழுதி அவரால் கையெழுத்துப் போட முடியாது. உள்ளதை எழுதினால் போலீஸில் சொன்னதோடு ஒத்துப்போகாது, இன்சூரன்ஸ் வராது, ஆபரேஷனும் நடக்காது. வீட்டில் பேசிவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார்.

திரைக்கு அப்பால், முடிந்ததா என்று தயாளன் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் சுடிதாரைச் சரிசெய்துகொண்டாள். படிவத்தை டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"இது வேணாம் டாக்டர். இப்ப சொன்னீங்கள்ல, அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எங்க அக்காகிட்ட காட்டணும்."